வாசலில் நிற்பவர் யார்? – அவசர மருத்துவப் பயிற்சி வளர்ந்த வரலாறு

பராபஜாரில் எவர்சில்வர் பாத்திரம் விற்கிறவனுக்கும் மருத்துவக் கல்வியின் வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று இந்த மலரைப் புரட்டும் அன்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கடையைப் பூட்டிய பிறகு இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு படித்தவன். முந்தைய மலர்களில் வந்தவாசி, திண்டிவனம் பக்கத்துச் சமணக் கல்வெட்டுகளைப் பற்றி எழுதியிருந்தேன். இம்முறை வேறு பொருளை எடுத்துக்கொண்டதற்கு வீட்டில் நடந்த ஒரு வாக்குவாதமே காரணம்.

என் தங்கை மகள் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்தாள். மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்விலும் நல்ல மதிப்பெண் வாங்கினாள். கண், தோல், எக்ஸ்ரே என்று ஏதாவது ஒன்றை எடுப்பாள் என எல்லோரும் காத்திருக்க, "எமர்ஜென்சி மெடிசின் எடுக்கப் போறேன் மாமா" என்றாள். வீடு இரண்டுபட்டுவிட்டது. "கேஷுவால்ட்டியில உட்கார்றதுக்கு ஒரு மேல்படிப்பா? அது புதுசா வந்த பையன் பார்க்கிற வேலையாச்சே!" என்றார் அவள் அப்பா. நான் வாய் திறக்கவில்லை. மைத்துனர் சொன்ன அந்தச் சொல், "புதுசா வந்த பையன்", என்னை 1987ஆம் ஆண்டுக்குக் கொண்டுபோய்விட்டது.

அண்ணன் போன இரவு

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள் இரவு, கடையைக் கட்டிவிட்டு லேக் மார்க்கெட் பக்கம் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த என் அண்ணனை மினிபஸ் ஒன்று தட்டிவிட்டது. டாக்சியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஒரு மருத்துவமனைக்குப் போனோம். பெயர் வேண்டாம். அன்று எந்த மருத்துவமனைக்குப் போயிருந்தாலும் ஏறக்குறைய அதே காட்சியைத்தான் பார்த்திருப்போம்.

விபத்துப் பிரிவில் ஒரே ஒரு டாக்டர். கல்லூரியை விட்டு வந்து ஆறு மாதம்கூட ஆகாத பையன். சுற்றிலும் இருபது பேர். நல்ல பையன்தான். அண்ணன் தலையில் இருந்த காயத்தைக் கழுவித் தையல் போட்டான். "சர்ஜன் காலையில வந்து பார்ப்பார்" என்றான். அண்ணன் வயிறு வலிக்கிறது, தாகமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உடம்பு சில்லிட்டு வியர்த்தது. விடிகாலை நாலு மணிக்கு உயிர் போய்விட்டது. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்று பிறகு சொன்னார்கள். சர்ஜன் வந்தபோது மணி ஏழு.

அந்தப் பையன் மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எங்களோடு அவனும் அழுதான். என் மனத்தில் தங்கிய கேள்வி வேறு. எங்கள் அப்பா கடையில் ஒரு சட்டம் வைத்திருந்தார். "வாசல்ல நிக்கிறவன்தான் கடை. கைதேர்ந்தவனை முன்னால நிறுத்து. புதுப் பையனைக் கிட்டங்கிக்கு அனுப்பு" என்பார். சாதாரணப் பாத்திரக் கடைக்குத் தெரிந்த இந்தச் சங்கதி மருத்துவமனைக்கு ஏன் தெரியாமல் போயிற்று? கைதேர்ந்தவர் எல்லாம் மாடியிலும் வீட்டிலும் இருக்க, புதுப் பையனை ஏன் வாசலில் நிறுத்தினார்கள்?

இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான், தங்கை மகளின் புத்தகங்களையும் பழைய தீர்ப்புகளையும் சில மாதங்கள் புரட்டினேன். கிடைத்ததை இங்கே சுருக்கமாகத் தருகிறேன்.

ரெசிடென்ட் என்ற சொல்

மருத்துவமனையிலேயே தங்கிப் பயில்கிறவர் என்பதுதான் ரெசிடென்ட் என்ற சொல்லின் நேர்ப்பொருள். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889இல் திறக்கப்பட்டது. அங்கே வில்லியம் ஆஸ்லர், வில்லியம் ஹால்ஸ்டெட் ஆகிய இருவரும் இந்த முறையை உருவாக்கினார்கள். இளம் மருத்துவர் ஆசானின் கண் முன்னே, நோயாளியின் கட்டிலருகே, வருஷக்கணக்கில் இருந்து கற்பார். பொறுப்பு படிப்படியாக ஏறும். நம் குருகுலத்தின் சாயல் இதில் இருப்பதை அன்பர்கள் கவனிக்கலாம்.

பிறகு உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு துறை, ஒரு பயிற்சி, ஒரு தேர்வு வாரியம் என்று வரிசையாக வந்தன. கண் மருத்துவத்துக்கு அமெரிக்காவில் 1916இலேயே வாரியம் வந்துவிட்டது. வாசலுக்கு மட்டும் யாரும் வரவில்லை. காரணம் எளிது. வாசலில் வருகிறவர் உடம்பின் எந்தப் பகுதிக்கும் சொந்தமானவர் அல்லர். நெஞ்சுவலி, பாம்புக்கடி, தீக்காயம், பிரசவ வலி, விஷம் குடித்தவர் என எல்லாம் ஒரே கதவு வழியாக வரும். யாருக்கும் சொந்தமில்லாத நோயாளியை, முறை போட்டு, இளையவர் தலையில் கட்டினார்கள். அமெரிக்காவில் இன்டர்ன் பார்த்தார். சில இடங்களில் தோல் மருத்துவரும் கண் மருத்துவரும்கூட முறை வைத்து ஒரு இரவு வந்து போனார்கள்.

நால்வர் எடுத்த முடிவு

1961இல் வர்ஜீனியா மாநிலத்து அலெக்சாண்ட்ரியா மருத்துவமனையில் ஜேம்ஸ் மில்ஸ் என்ற மருத்துவரும் அவரோடு மூவரும் சேர்ந்து ஒரு முடிவெடுத்தார்கள். தங்கள் சொந்தக் கிளினிக்குகளை மூடிவிட்டு, அவசரப் பிரிவையே முழுநேரத் தொழிலாக ஏற்றார்கள். இருபத்துநான்கு மணி நேரமும் அந்நால்வரில் ஒருவர் வாசலில் இருப்பார். இதை அலெக்சாண்ட்ரியா திட்டம் என்பார்கள்.

1966இல் அந்நாட்டுத் தேசிய அறிவியல் கழகம் விபத்து மரணங்கள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 1965ஆம் ஆண்டில் மட்டும் விபத்துகளால் 1,07,000 பேர் இறந்ததையும், 4,00,000 பேர் நிரந்தர உடற்குறைக்கு ஆளானதையும் சொல்லி, நவீன சமுதாயம் கண்டுகொள்ளாமல் விட்ட நோய் இது என்று அது பெயரிட்டது. 1968இல் மிச்சிகன் மாநிலம் லான்சிங்கில் ஜான் வீகன்ஸ்டைன் உள்ளிட்ட எட்டு மருத்துவர்கள் கூடி, அவசர மருத்துவர்களுக்கென அமெரிக்கக் கல்லூரி என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள்.

சங்கம் வந்தது. பயிற்சி? 1970இல் சின்சினாட்டி பல்கலைக்கழகம் உலகின் முதல் அவசர மருத்துவ ரெசிடென்சியைத் தொடங்கியது. முதல் மாணவர் புரூஸ் ஜேனியாக், ஒரே ஒருவர். 1972இல் பயிற்சியை முடித்தார். 1971இல் தென்கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், மருத்துவக் கல்லூரிக்குள் இதற்கெனத் தனித்துறை பிறந்தது. அதன் தலைவராக வந்த கெயில் ஆண்டர்சன் ஒரு மகப்பேறு மருத்துவர் என்பது சுவையான செய்தி. துறைக்கென்று ஆசான்கள் இல்லாத காலத்தில், வேறு துறையிலிருந்து ஆசானைக் கடன் வாங்கித்தான் தொடங்கவேண்டியிருந்தது.

இதெல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. "இவர்களுக்கென்று தனியாக என்ன தெரியும்? எல்லாம் எங்களிடமிருந்து எடுத்ததுதானே" என்ற தோரணையில்தான் மற்றத் துறையினர் பேசினார்கள். என் மைத்துனர் கேட்டதும் இதே கேள்விதான்! 1976இல் தேர்வு வாரியம் பதிவாகியும், 1977இல் மற்ற வாரியங்களின் கூட்டமைப்பு அதை ஏற்க மறுத்தது. 1979இல்தான் 23ஆவது சிறப்புத் துறை என்ற இடம் கிடைத்தது. 1980இல் முதல் தேர்வு. முழுச் சுதந்திரமுள்ள வாரியமாக ஆனது 1989இல். இங்கிலாந்திலும் இதே இழுபறிதான். அங்கே லீட்ஸ் நகரத்து மாரிஸ் எல்லிஸ் தலைமையில் 1967இல் கேஷுவால்ட்டி சர்ஜன்களின் சங்கம் அமைந்தது. 1972இல்தான் முப்பத்திரண்டு முழுநேர நிபுணர் பதவிகள் சோதனை முறையில் வந்தன.

அனுபவசாலியும் பயிற்சி பெற்றவரும்

இவ்விடத்தில் என்னைப் போன்ற ஏட்டுப் படிப்பில்லாதவனுக்கு உறுத்தும் ஒரு செய்தி உண்டு. தொடக்க ஆண்டுகளில், ரெசிடென்சி படிக்காமல் வேலையிலேயே கற்றுக்கொண்ட மருத்துவர்களும், குறிப்பிட்ட ஆண்டுகள், குறிப்பிட்ட மணி நேரம் அவசரப் பிரிவில் பணியாற்றியிருந்தால் அந்த வாரியத் தேர்வை எழுதலாம். 1988இல் அந்தக் கதவை மூடினார்கள். அதன் பிறகு பயிற்சி முடித்தவருக்கு மட்டுமே தேர்வு. வழக்கு வரைக்கும் போனது.

நானும் கதவுக்கு வெளியே நின்று கற்றவன்தான். ஆகவே முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தேன். ஒரு கல்வெட்டை நான் தப்பாகப் படித்தால் அடுத்த மலரில் யாராவது திருத்தி எழுதுவார்கள். கடையில் எடை பிசகினால் நாலு ரூபாய் நஷ்டம். இங்கே தப்பிலிருந்து கற்றுக்கொள்வதென்றால், அந்தத் தப்பு என் அண்ணன் மாதிரி ஒருவர் உடம்பில் நடந்தாக வேண்டும். அனுபவம் தேவைதான். பக்கத்தில் ஆசான் நிற்கும்போது வருகிற அனுபவமாக அது இருக்க வேண்டும். ரெசிடென்சி என்பதன் உயிரே இதுதான் என்பது என் துணிபு.

மூன்று வருஷத்தில் என்ன கற்பிக்கிறார்கள் என்று தங்கை மகளைக் கேட்டேன். அடைபட்ட மூச்சுக்கு வழி செய்வது, அதிர்ச்சி நிலையைக் கண்டுபிடிப்பது, இ.சி.ஜி. பார்த்த மாத்திரத்தில் மாரடைப்பைச் சொல்வது, விஷங்கள், பாம்புக்கடி, குழந்தைகள், திடீர்ப் பிரசவம், ஒரே நேரத்தில் ஐம்பது பேர் வந்தால் யாரை முதலில் தொடுவது – இவ்வளவும் பாடம். "மாமா, வயித்துல அடிபட்டவங்களுக்குக் கட்டில் பக்கத்திலேயே சின்ன ஸ்கேன் மிஷினை வைச்சுப் பார்ப்போம். உள்ளே ரத்தம் இருந்தா சில நிமிஷத்துல தெரிஞ்சிடும்" என்றாள். சற்று நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. 1987இல் அந்த மிஷின் வாசலுக்கு வந்திருக்கவில்லை. ஆனால் நாடி ஏறுவதையும், ரத்த அழுத்தம் இறங்குவதையும், அந்தத் தாகத்தையும் சேர்த்துப் பார்த்துப் பொருள் சொல்லத் தெரிந்த ஒருவர் அன்றும் இருந்திருக்கலாம்.

ரெசிடென்சிக்கு மேல் பெல்லோஷிப் என்று ஒரு படி உண்டு. குழந்தைகள் அவசர சிகிச்சை, நச்சு மருத்துவம், ஆம்புலன்ஸ் சேவை, கட்டிலருகே ஸ்கேன் போன்ற ஒரு பிரிவில் ஓரிரு ஆண்டு கூடுதலாகப் பயில்வது. இங்கே நம் மக்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் பெல்லோஷிப் என்றால் ரெசிடென்சி முடித்த பின் வருவது. நம் நாட்டிலோ எம்.பி.பி.எஸ். முடித்தவுடனே பல மருத்துவமனைகள் தரும் குறுகிய காலப் பயிற்சிக்கும் பெல்லோஷிப் என்றே பெயர். பெயர்ப்பலகையைப் பார்த்து இரண்டும் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது.

நம் நாட்டுக் கதை

இந்தியாவில் முதலில் விழித்துக்கொண்டது நீதிமன்றம் என்றே சொல்ல வேண்டும். கார் மோதிய ஒரு ஸ்கூட்டர்காரரை மருத்துவமனை ஏற்காமல், போலீஸ் வழக்கு என்று சொல்லி இருபது கிலோமீட்டர் தள்ளி வேறிடம் போகச் சொல்ல, அவர் வழியிலேயே இறந்தார். பத்திரிகையில் வந்த இந்தச் செய்தியை வைத்துத் தொடரப்பட்ட பர்மானந்த் கட்டாரா வழக்கில், 1989இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும் உயிரைக் காப்பதே முதல் கடமை, சட்டச் சடங்குகள் அப்புறம் என்று அத்தீர்ப்பு சொன்னது.

அடுத்தது நம் கல்கத்தா வழக்கு. 1992 ஜூலை 8 இரவு, தெற்கு 24 பர்கானாவின் மதுராபூர் நிலையத்தில் ஹக்கிம் ஷேக் என்ற விவசாயக் கூலித் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்தார். தலையில் பலத்த அடி. ஊர்ச் சுகாதார நிலையத்தில் வசதி இல்லை என்றார்கள். கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தால், நள்ளிரவிலிருந்து மறுநாள் காலை வரை அரசு மருத்துவமனை மாற்றி மருத்துவமனையாக அலைந்தார்கள். ஓரிடத்தில் கட்டில் இல்லை, இன்னோரிடத்தில் மூளை சிகிச்சைக்கு வசதி இல்லை. கடைசியில் தனியார் மருத்துவமனையில் சேர்ந்து சுமார் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். அவர் சங்கம் தொடுத்த வழக்கில் 1996 மே மாதம் உச்ச நீதிமன்றம், தக்க நேரத்தில் அவசர சிகிச்சை கிடைக்காமல் போவது உயிர் வாழும் உரிமையையே மீறுவதாகும் என்று கூறி 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. ஆம்புலன்ஸ், கட்டில் நிலவரம் அறியத் தகவல் மையம் போன்ற வழிகளையும் சொன்னது.

கதவைத் திறக்கச் சொல்ல நீதிமன்றத்தால் முடியும். கதவருகே யார் நிற்க வேண்டும் என்பதை மருத்துவக் கல்வியல்லவா சொல்ல வேண்டும்? அது தாமதமாகவே வந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற சில இடங்கள், அரசு அங்கீகாரம் வருவதற்கு முன்பே இத்துறையில் பயிற்சி அளித்தன. 2000க்குப் பின் சில தனியார் மருத்துவமனைகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து மூன்றாண்டுப் பயிற்சி தந்தன. பயின்றவர்கள் திறமைசாலிகளே. ஆனால் அந்தச் சான்றிதழுக்கு இந்திய மருத்துவக் கவுன்சிலின் முத்திரை இல்லை. 2009இல்தான் கவுன்சில் அவசர மருத்துவத்தைத் தனித்துறையாக ஏற்று எம்.டி. பட்டத்துக்கு வழி திறந்தது. 2013இல் தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி. படிப்பும் வந்தது. சின்சினாட்டியில் முதல் மாணவர் சேர்ந்து முப்பத்தொன்பது ஆண்டு கழித்து நமக்குக் கிடைத்த அங்கீகாரம் இது.

2020இல் வந்த விதிகள் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் இத்துறை இருக்க வேண்டும் என்றன. மகிழ்ந்தோம். ஆனால் 2023இல் தேசிய மருத்துவ ஆணையம் இளநிலைப் படிப்புக்காக வெளியிட்ட விதிகளில், கட்டாயத் துறைகளின் பட்டியலில் அவசர மருத்துவம் இடம்பெறவில்லை. துறையினர் முறையிட்டார்கள். 2022ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேரை இழந்த நாடு இது என்பதை இவ்விடத்தில் நினைவுகூர விழைகிறேன்.

பயில்கிறவருக்கு யார் காவல்?

இன்னொன்றையும் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க என் மனம் ஒப்பவில்லை. ரெசிடென்ட் என்றால் மருத்துவமனையில் தங்குகிறவர் என்று மேலே கண்டோம். 2024 ஆகஸ்டில் நம் நகரத்து ஆர்.ஜி. கர் மருத்துவமனையில், நீண்ட பணிக்கிடையே சற்று ஓய்வெடுக்கப் போன பயிற்சி மருத்துவப் பெண் ஒருவர் கொடூரமாகக் கொல்லப்பட்டார். சில நாள் கழித்து, ஆகஸ்ட் 14 நள்ளிரவில் ஒரு கும்பல் உள்ளே புகுந்து அதே மருத்துவமனையின் அவசரப் பிரிவை அடித்து நொறுக்கியது. பயிற்சி மருத்துவருக்கு ஒரே மூச்சாகப் பன்னிரண்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்று மத்திய அரசின் ரெசிடென்சி விதி 1992இலேயே வரம்பு கட்டியிருக்கிறது. ஏட்டில் கட்டியது ஏட்டிலேயே கிடக்கிறது. அந்த ஆகஸ்டில் என் தங்கை தினமும் போன் செய்து அழுதாள். "வேற படிப்பு எடுத்திருக்கலாம்ணே" என்றாள். எனக்கு அவளிடம் சொல்ல வார்த்தை இல்லை.

இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் "அஞ்சினான் புகலிடம்" என்று ஒரு சொல் வரும். அஞ்சி ஓடிவந்தவரைக் காக்க ஏற்படுத்திய இடம். எங்கள் சமண மரபு உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என்று நான்கு தானங்களைச் சொல்லும். அவசரப் பிரிவில் மருந்தும் அபயமும் ஒரே கையால் தரப்படுகின்றன. அந்தக் கையைப் பழக்குவது கல்வி. புகலிடத்தில் நிற்பவருக்கே அபயம் இல்லையென்றால், ஓடி வருகிறவருக்கு அவர் எதைக் கொடுப்பார்?

தங்கை மகள் விருப்பப்பட்டதையே எடுத்தாள். இப்போது இரண்டாம் ஆண்டு. மைத்துனர் இன்னமும் அரைமனசுதான். ஆனால் போன தீபாவளிக்கு அவள் ஒரு இரவுப் பணியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஊரை விட்டு வந்த நமக்கு, ஓர் ஆபத்தென்றால் ஓடிவரச் சொந்தபந்தம் பக்கத்தில் இல்லை. ஆகவே நம் வீடுகள் இருக்கும் பேட்டைகளைச் சுற்றியுள்ள மருத்துவமனைகளுக்கு இரண்டு பேர் நேரில் போய் ஒரு கேள்வி கேட்டு வரவேண்டும். "ஐயா, இரவு இரண்டு மணிக்கு உங்கள் எமர்ஜென்சியில் யார் இருப்பார்? அவர் என்ன பயின்றவர்?" கிடைத்த பதிலை எழுதிச் சங்கத்துப் பலகையில் ஒட்டலாம். பகலில் சாவகாசமாகக் கேட்டு வைக்கவேண்டிய கேள்வி இது. 1987இல் அந்த டாக்சிக்குள் உட்கார்ந்திருந்தபோது இப்படி ஒரு கேள்வி உண்டென்றே எனக்குத் தெரியாது.